கண் தானம்: வாங்கலாம், கொடுக்கக் கூடாதா?



நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன இருவரில் ஒருவர் பிலால் (ரலி). இன்னொருவர் கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பிறகே இவர் பாங்கு சொல்வார். குறைஷித் தலைவர்களோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவர் குறுக்கிட, நபியவர்கள் முகம் சுளித்தார்கள். அதைக் குறித்தே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. பின்னாளில் நபியவர்கள் வெளியூர் போகும்போது மதீனாவின் பொறுப்பை இவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். இரு கண்களையும் இழந்து பொறுமை காப்பவருக்குச் சுவர்க்கம் உண்டு என்று புகாரியில் ஹதீஸ் குத்ஸியும் இருக்கிறது.

பொறுமை அவருடைய பங்கு. நம்முடைய பங்கு என்ன?

நம் பகுதியைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வெல்டிங், கிரைண்டிங், லேத் பட்டறை, கெமிக்கல் கம்பெனி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டை விட்டு ஓடினார்களே! தெறிக்கும் இரும்புத்தூளும், ஆசிட்டும், சுண்ணாம்பும் முதலில் தாக்குவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா என்ற மெல்லிய படலத்தைத்தான். அதில் ஆழமான தழும்பு விழுந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. சொட்டு மருந்தால் அந்தத் தழும்பு மறையாது. இறந்தவர் ஒருவரின் கார்னியாவை வைத்துத் தைத்தால்தான் பலருக்குப் பார்வை திரும்பும். எல்லாப் பார்வைக் குறைவுக்கும் இது மருந்தல்ல; விழித்திரையோ நரம்போ கெட்டிருந்தால் பயன் இல்லை.

(பட்டறைத் தம்பிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை. கண்ணில் கெமிக்கல் பட்டால் கசக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

இந்தச் சிகிச்சை நமக்குத் தூரமானதல்ல. 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் அங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்!

மார்க்கம் என்ன சொல்கிறது? மய்யித்தின் எலும்பை உடைப்பது உயிருள்ளவரின் எலும்பை உடைப்பது போன்றது என்று ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். சரியான கேள்வி. தேவ்பந்த் மரபு உலமாக்களில் பலர் கூடாது என்றே ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். உடல் அமானிதம், அதைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பது அவர்களுடைய ஆதாரம். மறுபக்கம், 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, இறந்தவரோ அவருடைய வாரிசுகளோ சம்மதித்தால், விலை பேசாமல், தேவைப்படுபவருக்கு உறுப்பைப் பொருத்தலாம் என்று முடிவெடுத்தது.

எனக்கு இந்த இரண்டாவது கருத்தே வலுவாகத் தெரிகிறது. அந்த ஹதீஸ் தடுப்பது மய்யித்தை இழிவுபடுத்துவதை. இறந்துபோன கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தை உயிரோடு இருந்தால் வயிற்றைக் கிழித்து எடுக்கலாம் என்று ஷாஃபிஈ, ஹனஃபி நூல்களிலேயே சட்டம் இருக்கிறது. பொருளும் அமானிதம்தான், அதை ஏழைக்குக் கொடுக்கும்போது யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

மஹ்ஷரில் கண்ணில்லாமல் எழுவோமோ என்று வயதான தாய்மார்கள் பயப்படுகிறார்கள். விரல் நுனியைக் கூட மறுபடி சீராக அமைப்பவன் அல்லாஹ் என்று அல்கியாமா அத்தியாயம் சொல்கிறதே, அம்மா!

கூடாது என்ற ஃபத்வாவைப் பின்பற்றுபவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளை அவர் மகனின் கண்ணுக்கு ஒரு கார்னியா கிடைத்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவாரா? 1964-இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்களை அனுப்பியது இலங்கையின் கண் தானச் சங்கம். டாக்டர் ஹட்சன் சில்வா என்ற பௌத்தர் தொடங்கியது அது. பின்னர் பாகிஸ்தானுக்கும் ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். யாரோ ஒரு பௌத்தத் தாயின் கண்ணால் நம் சகோதரர் குர்ஆனைப் பார்த்து ஓதுகிறார். வாங்கும்போது வராத சந்தேகம் கொடுக்கும்போது மட்டும் ஏன்?

ஜனாஸா தாமதமாகும் என்ற கவலையும் வேண்டாம். மவுத்தாகி ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அவர்களே விரைந்து வருவார்கள். வேலை அரை மணி நேரத்துக்குள் முடியும், முகம் கோரமாகாது, குளிப்பாட்டுவது அதன் பிறகே. அதுவரை கண்களை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி போன்ற நோய் இருந்தவரிடம் எடுக்க மாட்டார்கள். இருவர் கண்களில் பொருத்த ஒருவரின் இரு கார்னியாக்கள் போதும்.

உயிரோடு இருக்கும்போது கையெழுத்துப் போட்டு வைத்தாலும், அந்த நேரத்தில் வீட்டார் சம்மதிக்காவிட்டால் எடுக்க முடியாது. ஆகவே இன்று மதியச் சாப்பாட்டின்போதே மனைவி மக்களிடம் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள்.

பட்டறையில் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.