பழைய வெளிச்சத்தில் தீர்ப்புச் சொல்லலாமா?

ஒருவரை நாம் இறுதியாகக் கண்டபோது அவர் எப்படி இருந்தாரோ, அதை வைத்து இன்று அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமா? கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். காதாற் கேட்பது பொய்யாகலாம். கண்ணாற் காண்பது எப்படிப் பொய்யாகும்? இதற்கு வானியல் நல்ல விளக்கம் தருகிறது.

றிச்மண்ட் ஹில் என்றதும் எம்மவர்க்கு நினைவு வருவது பிள்ளையார் கோயில். அதே நகரில் டேவிட் டன்லப் வானியல் அவதான நிலையமும் இருக்கிறது. சுரங்கத் தொழிலிற் பொருளீட்டிய டேவிட் டன்லப்பின் நினைவாக, அவருடைய மனைவி ஜெசி டன்லப் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய கொடை அது. 1935இல் திறக்கப்பட்டபோது அதன் 74 அங்குலத் தொலைநோக்கி உலகில் இரண்டாவது பெரியதாக இருந்தது. 2008இல் பல்கலைக்கழகம் அந்நிலத்தை விற்றது. பின்னர் அவதான நிலையம் நகரசபையின் கைக்கு வந்து, 2019இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் குடும்பமாக வந்து பார்க்கும் நாட்களையும் அங்கே ஒழுங்கு செய்து வந்திருக்கிறார்கள். பெரியவரும் பாலர் வகுப்புப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரே துவாரத்தினூடாகப் பார்ப்பார்கள்.

இத்தகைய நாட்களில் பிள்ளைகள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நாங்கள் பார்க்கிற நட்சத்திரம் இப்பவும் அங்கே இருக்கிறதா?"

சிறு பிள்ளையின் கேள்விதான். ஆனால் பெரிய கேள்வி. சந்திரனின் ஒளி எம்மை வந்தடைய ஒரு வினாடிக்குச் சற்று மேலாகிறது. சூரியனின் ஒளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்க்கும்போது ஒரு மணிக்கும் மேற்பட்ட பழைய காட்சியையே பார்க்கிறோம். எமது பஞ்சாங்கத்துச் சுவாதி நட்சத்திரத்திலிருந்து இன்றிரவு வரும் ஒளி, சுமார் 37 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரையோ 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாகக் கணிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தை ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளி இன்று எம் கண்ணில் விழுகிறது.

இதில் ஒளி பொய் சொல்லவில்லை. அது புறப்பட்ட திகதியை நாம் மறந்துவிடுவதுதான் பிழை. கணக்கியல் படித்தவர்க்கு இது புதிதல்ல. ஐந்தொகையின் தலைப்பில் "இன்ன திகதியில் உள்ளவாறு" என்று எழுதாவிட்டால், கூட்டல் எவ்வளவு சரியானாலும் அந்தக் கணக்கு உதவாது. வானமும் அப்படித்தான். ஒவ்வொரு நட்சத்திரமும் வெவ்வேறு திகதியிட்ட ஓர் ஐந்தொகை.

இனி எம் ஊரை எண்ணிப் பார்ப்போம். நாம் மனதிற் சுமந்து வந்த ஊர் உண்மையான ஊர். அந்த வேலி, கிணற்றடி, கோயில் வீதி எதுவும் கற்பனையல்ல. ஆனால் அது நாம் புறப்பட்ட நாளின் ஊர். அன்று அயல்வீட்டிற் பாவாடை கட்டித் திரிந்த சிறுமி இன்று பேரப்பிள்ளை கண்டிருக்கக்கூடும். "எங்கட ஊர்ச் சனம் இப்படிச் செய்யாதே" என்று இங்கிருந்து சொல்லும்போது, நாம் எந்த ஆண்டின் சனத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

இது வெறும் ஏக்கத்தோடு முடிகிற விடயமல்ல. காணி உறுதி எம் பெயரில் இருக்கும். அந்தக் கிணற்றை இறைத்து, கூரையை மாற்றி, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மீண்டும் வந்து விளக்கேற்றியவர் வேறொருவராக இருப்பார். உறுதி செல்லுமா என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவருடைய உழைப்பு எம் கணக்கில் எங்கே பதியப்பட்டிருக்கிறது? ஊர்க் கோயிலுக்குப் பணம் அனுப்புகிறோம். எதைக் கட்ட வேண்டுமென்று அங்கு நாள்தோறும் கும்பிடுபவரைக் கேட்கிறோமா?

அப்படியானால் எம் நினைவுகளுக்கு மதிப்பில்லையா என்று சிலர் கேட்பர். நிச்சயமாக உண்டு. பழைய ஒளியன்றி வானியலாளருக்கு வேறு சாட்சி ஏது? ஆனால் அவர் ஓரிரவு பார்த்ததோடு நின்றுவிடுவதில்லை. 1971இல் தொம் போல்ற்றன் என்னும் ஆய்வாளர் இதே 74 அங்குலத் தொலைநோக்கியால் ஒரு நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்ப அவதானித்தார். 5.6 நாளுக்கு ஒருமுறை அது சுற்றிவருவதைக் கணித்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ அதை இழுக்கிறது, அது கருந்துளையாகவே இருக்க வேண்டும் என எடுத்துக்காட்டிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஒருநாட் பார்வையில் அது அகப்பட்டிராது. மனிதரும் அவ்வாறே. ஒருவர் ஏன் அப்படி நடந்தார் என்பதற்குக் காரணமான பாரம் எம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல தடவை பார்த்தால்தான், விசாரித்தால்தான் ஊகிக்கலாம்.

ஊரிலுள்ளோரும் எம்மைப் பழைய ஒளியிலேயே காண்கிறார்கள். விமானம் ஏறிய இளைஞனைத்தான் அவர்கள் அறிவார்கள். இரட்டை வேலையும் வீட்டுக் கடனும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே விசாரிக்கும் கடமை இரு பக்கத்துக்கும் பொது. வசதி கூடியவர் முதலிற் கேட்பது அழகு.

உங்கள் நகரில் அவதான நிலையம் இருந்தால் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். எந்த நட்சத்திரத்தைக் காட்டினாலும் அதன் ஒளி எப்போது புறப்பட்டது என்று கேட்கப் பழக்குங்கள். அடுத்த தடவை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, ஆலோசனை சொல்லமுன் "இப்ப அங்கே எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேட்போம்.