மாணவனின் பொழுது யாருடையது?

பரீட்சை நெருங்கும் காலத்தில் மாணவனொருவன் சரித்திரப் படம் பார்க்கச் செல்வது தகுமா, தகாதா என்னும் வழக்கு நம்மவர் இல்லங்களில் அடிக்கடி நடைபெறுவதாகும். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதற்பாகம் திரைக்கு வந்தது. சிங்கப்பூரில் அவ்வாண்டுச் சாதாரண நிலைப் பரீட்சையின் எழுத்துத் தாள்கள் அதனையடுத்த வாரங்களில் தொடங்கவிருந்தன. மலேசியாவிலோ எஸ்.பி.எம். எழுதவேண்டிய பிள்ளைகள் பயிற்சித் தாள்களோடு போராடிக்கொண்டிருந்தனர். கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிவந்த அக்கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதைத் திரையிற் காணும் ஆவல் ஒருபுறம். மேசைமேற் கிடக்கும் கணிதத் தாள் மறுபுறம். தாய் ஒன்று சொல்ல, தந்தை ஒன்று சொல்ல, பிள்ளை மூன்றாவதொன்று சொல்ல, வீடு நீதிமன்றமாகிவிடுகிறது.

இவ்வழக்கைப் பெரும்பாலோர் மணிக்கணக்காகவே பார்க்கின்றனர். படம் ஓடும் நேரம் 167 நிமிடம். போய்வர ஒரு மணி. அந்நேரத்தில் எத்தனை கணக்குப் போடலாம், எத்தனை பக்கம் படிக்கலாம் என்பது ஒரு தரப்பு. நான்கு மணி நேரத்தில் ஒருவன் தலைவிதி மாறிவிடாது என்பது மறுதரப்பு. இக்கணக்கில் நாம் புக விரும்பவில்லை. அவரவர் பிள்ளையின் நிலையை அறிந்தவர் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது. நாம் கேட்க விரும்புவது அதற்கும் முற்பட்ட ஒரு கேள்வி. அந்த நான்கு மணி நேரம் யாருடையது?

பெற்றோருடையது என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டணத்துப் பள்ளிகளில் படிக்கின்றனர். தோட்டத்தை விட்டு வெளியேறிய பின்னும் தாய் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போக, தந்தை லாரி ஓட்டப் போக, அவ்வாறுதான் பிள்ளையின் படிப்பு நடக்கிறது. டியூஷன் சம்பளத்திற்காகக் கைவளையல் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பிய வீடுகள் எத்தனையோ. அவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்த பொழுதைப் பிள்ளை வேறெதற்கோ செலவிட்டால் கொடுத்தவர் நெஞ்சில் தைக்காதா? தைக்கும். அதைப் பிள்ளை உணரவேண்டும் என்பதும் நியாயமே. நம் சமூகத்தில் பரீட்சைச் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் ஆயுள் முழுவதும் பிறர் ஏவலுக்குக் காத்து நின்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, ‘பரீட்சையாவது மண்ணாவது’ என்று மேடையிற் பேசிக் கைதட்டல் வாங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆயினும், கொடுத்தது கொடையா, கடனா என்பதைப் பெற்றோர் தமக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கடன் என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. இவ்வளவு தந்தேன், இவ்வளவு திருப்பித் தா என்று சொல்லிவிடலாம். கொடை என்றால் கொடுத்த பிறகு அதன் ஒவ்வொரு நிமிடத்தையும் பின்தொடர்ந்து சென்று எண்ணிக்கொண்டிருப்பது கொடுத்தவர்க்கு அழகன்று. நம்மவர் இரண்டையும் கலந்துவிடுகின்றனர். கொடுக்கும்போது கொடையாகவும், கேட்கும்போது கடனாகவும் பேசுகின்றனர். வள்ளுவர் மக்கட்பேற்றைப் பற்றிச் சொல்லுமிடத்தில் தந்தை மகனுக்குச் செய்யவேண்டியதை முதலிற் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னரே மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதைச் சொல்கிறார். இரண்டிடத்தும் மகன் கற்றோர் நடுவே பெறும் மதிப்பும், தந்தைக்கு அவன் தேடித்தரும் பெயரும் பேசப்படுகின்றனவே அல்லாமல், அவனுடைய நாளின் நாழிகைகளுக்குக் கணக்குக் கேட்கப்படவில்லை.

நிற்க. பிள்ளையின் தரப்பைப் பார்ப்போம். பிள்ளை என்ன சொல்லுகிறது? ‘எனக்கு ஆசையாக இருக்கிறது, போய் வருகிறேன்’ என்று சொல்லுகிறதா? அவ்வாறு சொல்லும் பிள்ளை நூற்றில் ஒன்று. மற்றவையெல்லாம், ‘இது சரித்திரப் படம் அம்மா, பரீட்சைக்கு உதவும்’ என்றே சொல்லுகின்றன. மலேசியாவில் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெறச் சரித்திரப் பாடத்தில் தேறியாக வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அதன்பின் இவ்வாதத்திற்கு வலுவும் கூடிவிட்டது. தாயும் முழுவதும் நம்பாமல், முழுவதும் மறுக்காமல், ‘சரி, பாடத்துக்கு உதவுமானால் போய் வா’ என்று விடைகொடுக்கிறாள்.

இந்த இடத்தில்தான் பிழை நேர்கிறது என்பது நம் கருத்து. படத்துக்குப் போனதிற் பிழையில்லை. போவதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டு பொய்ச் சீட்டு.

படம் பரீட்சைக்கு உதவுமா என்று பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு. இராசராசன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் பெயர்கள் அதில் வருகின்றன. அக்கல்வெட்டுக்குக் கவலையெல்லாம் நிலத்தைப் பற்றி. துரோகிகளுடைய நிலமும் அவர்கள் சுற்றத்தாருடைய நிலமும் என்னவாயின என்பதே அதன் பேச்சு. கதையிலும் படத்திலும் கொலையின் நடுவே நிற்பவள் நந்தினி. அவள் கல்கியின் கற்பனையில் பிறந்தவள். அவளை எந்தக் கல்லிலும் தேடிக் காண முடியாது. அவளை நீக்கிவிட்டாலோ அந்தப் படத்தைப் பார்க்க யார் போவார்?

1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தையும் எடுத்துக்கொள்வோம். ஜாக்சன் துரையின் முன்னிலையில் வரியைப் பற்றிக் கட்டபொம்மன் பேசும் பேச்சை நம்மில் மனப்பாடமாகச் சொல்லாதவர் யார்? தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில், பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடித்தவர்களே இன்று பிள்ளைகளை அதட்டும் பெரியவர்கள். அப்பேச்சை எழுதியவர் வசனகர்த்தா சக்தி கிருஷ்ணசாமி. அதற்கு உயிர் கொடுத்தவர் சிவாஜி கணேசன். 1798இல் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பின் பதிவாக அதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண் வராது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது மெய். அந்த மெய்க்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய சொற்கள் நாடகத்தின் சொற்கள்.

இதனாற் படம் குற்றமுடையதாகிவிடாது. நாடகம் நாடகத்தின் வேலையைச் செய்கிறது. பார்ப்பவனுடைய நெஞ்சைப் பிடித்து உலுக்குவதும், இறந்துபோனவர்கள் ஒருகாலத்தில் நம்மைப்போல் மூச்சுவிட்டார்கள் என்று அவனை நம்பவைப்பதுமே அதன் வேலை. அந்த வேலையைப் பாராட்டாமல், ‘எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?’ என்று கேட்பது கூத்துப் பார்க்கப் போய்ப் படியரிசி கேட்பது போலாம்.

பொய்ச் சீட்டினால் விளையும் தீங்கு இதோடு நிற்பதில்லை. பாடத்துக்காகவே வந்தேன் என்று சொல்லிவிட்ட பிள்ளை, திரையைப் பார்க்கும்போதே மனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறது. எந்த ஆண்டு, எந்த மன்னன், இது தாளில் வருமா என்று துருவிக்கொண்டே வந்தியத்தேவன் குதிரையேறி வருவதைப் பார்த்தால், குதிரையும் தெரியாது, ஆண்டும் நினைவிலிராது. வீடு திரும்பினாலோ உள்ளுக்குள் திருட்டுப் பண்டம் தின்ற உறுத்தல். அவ்வுறுத்தலோடு புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடாது. எழுத்து ஓடாததால் போர்வைக்குள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு தாண்டி இன்னொரு காட்சி. படிப்பும் இல்லாமல் இன்பமும் இல்லாமல் போகும் இப்பொழுதே உண்மையில் வீணான பொழுது. தாய்க்கும் ஏமாற்றமே. பரீட்சை முடிவு வந்த அன்று, ‘அந்தப் படத்துக்கெல்லாம் அனுப்பினேனே, சரித்திரத்தில் ஏன் இவ்வளவு குறைவு?’ என்று அவள் கேட்கும் கேள்விக்குப் பிள்ளையிடம் விடையில்லை.

இன்பமே சில வேளை அறிவுக்கு வாயிலாகும் அன்றோ என்று கேட்பாருமுளர். ஆம், ஆகும். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படை செலுத்தினான் என்பதையும், அக்கடாரம் நம் கெடா மாநிலமே என்பதையும் அறிந்த பிள்ளை, ஒரு படத்தின் தூண்டுதலால் மெர்போக் சென்று, பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கோயில்களின் அடித்தளக் கற்களைத் தொட்டுப் பார்க்கலாம். அங்குள்ள பொருட்காட்சிச் சாலையில் அரைநாள் சுற்றலாம். பின்னர் ஆராய்ச்சி நூல்களைத் தேடிப் படிக்கலாம். அப்படி ஒரு பிள்ளை புறப்பட்டால் நமக்குப் பெருமகிழ்ச்சி. புறப்படாமலும் போகலாம். படம் பார்த்தான், மகிழ்ந்தான், வந்து உறங்கினான் என்றே முடியலாம். மெர்போக்குக்குப் போவதானால்தான் படத்துக்கு அனுமதி என்று நாம் விதித்தால், மறுபடியும் பொய்ச் சீட்டுக்கே வழிசெய்தவராவோம்.

நம்மவர்க்கு மட்டும் இன்பத்தை இன்பமென்று சொல்லக் கூச்சம் ஏன் வந்தது? நாம் ஆராய்ந்தவரையில் அதற்குப் பழைய காரணம் ஒன்றுண்டு. இந்நாட்டிற்கு நம் முன்னோர் வந்தபோது தம் பொழுதை விற்றே வந்தனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது; அதன்பின் கங்காணி ஆள்சேர்ப்பு 1938 வரை நடந்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட நொடியிலிருந்து அவர்கள் பொழுது துரையினுடையது. நோயென்று லயத்தில் ஒருநாள் படுத்தால் கூலியில்லை; அது சோம்பலா நோயா என்று பார்க்க ஆள் வரும். அப்படிப்பட்ட வாழ்வில் சும்மா இருந்த ஒரு மணி நேரத்துக்கும் காரணம் சொல்லவேண்டியிருந்தது. துரை போனார், கங்காணி போனார், பல தோட்டங்களும் வீட்டுமனைகளாகிவிட்டன. காரணம் கேட்கும் வழக்கம் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பெரட்டுப் புத்தகம் இப்பொழுது சமையலறையில் தொங்கும் படிப்பு அட்டவணையாக இருக்கிறது. தாழ்வுற்ற நிலையிலிருந்து எழுந்த சமூகம் தன் பிள்ளைகளிடம் கண்காணிப்பாளனாக நடந்துகொள்ளலாமா என்பதே நம் கவலை.

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இலும் பி.டி.3 பரீட்சை 2022இலும் நீக்கப்பட்டன. அன்று பலர் பிள்ளைகளின் சுமை குறைந்ததென்று மகிழ்ந்தனர். அட்டவணை குறைந்த வீடு எத்தனை? பரீட்சையை அரசாங்கம் எடுத்துவிடலாம். அச்சத்தை எடுத்துவிட அரசாங்கத்தால் ஆகுமா?

ஆகவே பிள்ளைகள் மனம்போல் திரியலாம் என்கிறோமா? அன்று. இன்பம் தன்னுடையது என்று சொல்லுபவன் அதன் விலையும் தன்னுடையது என்று சொல்லவேண்டும். அந்த வகையில் திரைப்படம் நேர்மையானது. மூன்று மணி நேரத்திற்குள் விளக்கைப் போட்டு வெளியே அனுப்பிவிடுகிறது. இக்காலத்து வாலிபர் பலர் மூழ்கிக் கிடக்கும் சீன, கொரிய அரண்மனைத் தொடர்களின் கதை வேறு. நாற்பது பகுதி, ஐம்பது பகுதி. ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் ஒரு தூண்டில். பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தவன் முதற் பகுதியைத்தான் தானாகப் பார்த்தான். ஐந்தாம் பகுதியைப் பார்ப்பது அவனா, அத்தூண்டிலா? தன் பொழுது தன்னுடையது என்று வாதாடியவன் அதைத் தூண்டிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பதை நாம் விரும்பவில்லை. பரீட்சை முடியும்வரை அவற்றைத் தொடாதிருத்தல் நலம் என்றே அவனிடம் சொல்லுவோம்.

மற்றபடி, ஒரு பிள்ளை தாயின் முன் வந்து நின்று, ‘அம்மா, இப்படத்தைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. இதனாற் பரீட்சைக்கு ஒரு பயனும் இராது. சனிக்கிழமை போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் படிக்கிறேன்’ என்று சொல்லுமானால், அப்பிள்ளையை நாம் மதிப்போம். தாய் வேண்டாமென்று மறுக்கவும் கூடும். மறுத்தாலும் அங்கே இருவருக்குமிடையில் மெய் பேசப்பட்டிருக்கிறது. மறுத்ததற்குக் காரணத்தையும் அவள் அதே நேர்மையோடு சொல்லவேண்டும். ‘பயமாயிருக்கிறதடா’ என்பதுதான் காரணம் என்றால், அதையே சொல்லலாம்.

அந்தத் தாய்க்கும் ஒரு வார்த்தை. இரவுச் சமையலின்போது தொலைக்காட்சியில் ஓடும் தொடரை அவள் நாள்தோறும் பார்க்கிறாள். கேட்டால், ‘நானெங்கே பார்க்கிறேன், வேலை செய்துகொண்டே காதில் விழுகிறது’ என்கிறாள். அவளை உட்காரச் சொல்லுங்கள். வெங்காயத்தைப் பிறகு அரியலாம்.