ஐந்து வெள்ளி டிஸ்க்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் கல்யாண அழைப்பிதழும் கோயில் திருவிழா பேனரும் அச்சடித்துக் கொடுக்கிறேன். கடை திறந்தபோது என் கணினியில் இருந்த மென்பொருள் அத்தனையும் திருட்டு நகல். அப்போது அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்றார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை, உள்ளே நகலெடுத்த அட்டை, அதன் மூலையில் பேனாவால் எழுதிய சீரியல் எண். ஓடவில்லை என்றால் அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்பான் கடைப்பையன். சொன்னபடி மாற்றியும் கொடுப்பான். ஐந்து வெள்ளி, மிஞ்சினால் பத்து.

2007 மார்ச்சில் லக்கி, ஃப்ளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். திருட்டு டிஸ்க் தேட அமெரிக்கப் படக் கம்பெனிகளின் சங்கம் அனுப்பியவை. ஜொகூர் பாருவில் நடந்த சோதனையில் லட்சக்கணக்கான டிஸ்க்குகள் சிக்கின. அந்த நாய்களைக் கொல்லத் திருட்டு நகல் கும்பல்கள் பணம் அறிவித்திருக்கிறார்கள் என்றுகூடச் செய்தி வந்தது. அவை மோப்பம் பிடித்தது டிஸ்க் செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டை. அசல் டிஸ்க்கிலும் நகல் டிஸ்க்கிலும் அதே வாசம்தான். எது அசல், எது நகல் என்று பிரிப்பதை மனிதன்தான் செய்ய வேண்டும். நான் அதுவரை செய்ததில்லை.

1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வீட்டு உபயோகத்தையும் தொழிலையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கடையில் திருட்டு நகல் வைத்திருப்பதே குற்றம். அது தெரிந்தும் நான் மாறவில்லை. பெரிய கம்பெனிக்கு என் சில்லறை போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்றிருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு தமிழ் எழுத்துரு சிடி. நண்பரிடம் வாங்கி, நான்கு கடைகளுக்கு நானே நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். பிறகு ஒரு புத்தக விற்பனையில் பார்த்தால், அதைச் செய்தவரே சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பேர் பெற்றவர் இல்லை. பகலில் வேறு வேலை, ராத்திரியில் எழுத்து வரைகிறவர். “ஏதாச்சும் எழுத்து உடையுதாண்ணே?” என்று கேட்டார். “ஸ்ரீ உடையுது, அழைப்பிதழுக்கு ஸ்ரீ இல்லாம முடியாதே” என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவே இல்லை. அன்று அவர் மேசையில் ஒரு சிடி வாங்கினேன். மற்ற நான்கையும் சொல்லிப் பணம் கொடுக்க வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மலேசியாவில் கணினித் தமிழ் இப்படிப்பட்ட தனிமனிதர்களின் உழைப்பில்தான் வளர்ந்தது. முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் நாம் தட்டும் செல்லினமும் அவருடையதுதான், அதை இலவசமாகவே கொடுக்கிறார். இலவசமாகக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வது வேறு, விலை சொன்னதைக் கேட்காமல் எடுப்பது வேறு. இது புரிய எனக்கு அந்த நோட்டுப்புத்தகம் தேவைப்பட்டது.

அதன்பிறகு ஒவ்வொன்றாக அசல் வாங்கினேன். வாங்கி முடிப்பதற்குள் விற்கும் முறையே மாறிவிட்டது. 2013 மே மாதம் அடோபி, இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. அழைப்பிதழ் வரைய நான் வைத்திருந்த மென்பொருளும் மாதக்கட்டணத்துக்குப் போனது. 2020 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து அதுவே 8.

திரும்பத் திரும்பப் பணம் கேட்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். விற்ற பிறகும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. 2014 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தார்கள். ஒருமுறை கொடுத்த காசில் அத்தனை வருட உழைப்பையும் கேட்பது நியாயமில்லை. இந்தக் கடைக்கும் மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறேன், கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் காலி செய்யும் நாளில் என் மேசையை நான் எடுத்துக்கொண்டு போகலாம். மென்பொருளில் அந்த மேசைதான் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. மாதக்கட்டணத்தை நிறுத்தினேன். 2022இல் ஓர் அம்மா வந்தார். மூத்த மகளின் அழைப்பிதழை நான்தான் செய்திருந்தேன். இளையவளுக்கும் அதே மாதிரி வேண்டும், ஓரத்து மாவிலைத் தோரணம்கூட மாறக்கூடாது என்றார். இடையில் அவருடைய கணவர் தவறிவிட்டார். மாதிரி அட்டையை அவர்தான் தேர்ந்தெடுத்தாராம்.

கோப்பு என் கணினியில் இருந்தது. திறக்கவில்லை. தோரணத்தின் ஒவ்வொரு இலையும் நான் வரைந்தது, ஆனால் பூட்டுச் சாவி கம்பெனியிடம். “அண்ணே, கிராக் இருக்கு, பத்து நிமிஷம்” என்றான் உதவிக்கு இருந்த தம்பி. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்த நோட்டுப்புத்தகக்காரரை நினைத்துக்கொண்டேன். இங்கே யாருக்கு யார் கடன் என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பதில் கிடைக்கவில்லை, இன்றும் இல்லை.

ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினேன். அந்த மாதம் முழுக்க, கடை சாத்திய பிறகு, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எதிலும் திறக்கிற வடிவத்தில் சேமித்தேன். முதலில் திறந்தது அந்த அம்மாவின் கோப்பு. தேதியை மாற்றினேன், பெண்ணின் பெயரை மாற்றினேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த ‘திரு’வை அழித்துவிட்டு ‘அமரர்’ என்று தட்டினேன்.