வெளியே என்று ஓர் இடம்

எலிக்கு மருந்து வைக்குமுன், அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று நாம் பார்ப்பதுண்டா? பெரும்பாலும் இல்லை. மருந்து வைக்கிறோம், இரண்டு நாளில் நடமாட்டம் நின்றால் நிம்மதி அடைகிறோம். பசுமைக் கட்டடச் சான்று கோருபவர் முதலில் விடை சொல்ல வேண்டியது நாம் கேட்காமல் விடும் இந்தக் கேள்விக்குத்தான். வந்தது எந்த உயிர், கதவடி இடுக்கு அடைக்கப்பட்டதா, குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா என்றெல்லாம் பார்த்து எழுதிய பிறகே நஞ்சைப் பற்றிய பேச்சு. லீட் என்னும் பசுமைக் கட்டடச் சான்றின் விதிகளின்படி, அவசர நேரம் தவிர, அந்த நஞ்சையும் 72 மணி நேரம் முன்னதாகக் கட்டடத்தில் இருப்போருக்கு அறிவித்த பிறகே இட வேண்டும்.

இத்தனை தயக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஜெர்மனியின் டெசாவ் நகரில் 2005-இல் திறக்கப்பட்ட மத்திய சுற்றுச்சூழல் முகமையின் தலைமையகத்தை நினைத்தால் காரணம் விளங்கத் தொடங்கும். பழைய தொழிற்பகுதியின் மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்து, அதன்மேல் எழுப்பிய கட்டடம் அது. நீடித்த கட்டுமானத்துக்கான அந்நாட்டுச் சங்கத்தின் தங்கச் சான்றும் பெற்றது. எலிநஞ்சும் பூச்சிநஞ்சும் மண்ணுக்கும் நீருக்கும் செய்யக்கூடிய கேட்டை மதிப்பிடுவதும் இந்த முகமையின் பணிதான். ஒரு தலைமுறை வெளியே கொட்டியதை இன்னொரு தலைமுறை தோண்டி அகற்றிய நிலத்தில் உட்கார்ந்துதான் முகமையினர் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள்.

ஜெர்மன் நகரங்களின் பாதாளச் சாக்கடைகளில் நஞ்சுக்கட்டியைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ரத்தத்தை உறையவிடாத நஞ்சு அது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதற்குள் ஆந்தையோ நரியோ பிடித்தால் நஞ்சு அவற்றின் உடலுக்குள் போய்ச் சேரும். இந்த அளவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆற்று மீனை யாரும் எதிர்பார்க்கவில்லை. மீன், மண், இலை என ஆண்டுதோறும் மாதிரிகளைச் சேகரித்துக் கடுங்குளிரில் உறையவைத்துக் காக்கும் சுற்றுச்சூழல் மாதிரி வங்கி ஒன்று அந்நாட்டில் உண்டு. அங்கே காக்கப்பட்ட, கெண்டை இனத்தைச் சேர்ந்த பிரீம் மீன்களின் ஈரலில் எலிநஞ்சு படிந்திருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மீனுக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. மழையில் சாக்கடை நீர் ஏறும்போது கட்டி நனைகிறது. கரைந்தது நீரோடு போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தாலும் அதை முழுதாகத் தடுக்க முடிவதில்லை.

கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் இது பொருந்தும். கல் பாவிய தரையில் முளைக்கும் புல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்க, தனி அனுமதி இல்லாதவரை, ஜெர்மன் சட்டம் இடம் தருவதில்லை. கல்லில் விழும் நஞ்சை மண் பிடித்துவைக்காது, அடுத்த மழையே அதை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள், சுடுநீர் ஊற்றுகிறார்கள், தீச்சுடரால் கருக்குகிறார்கள். அலுப்பான வேலைதான். அந்த அலுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். புல்லை அகற்றும் உழைப்பை நாம் ஏற்காதபோது அது மறைந்துவிடுவதில்லை, ஆற்றின் தலையில் ஏறுகிறது.

வேலிக்கு உள்ளே இருப்பதாலேயே ஓர் உயிர் தப்பிவிடும் என்பதும் இல்லை. ஜெர்மனியில் 1905-இல் தொடங்கப்பட்ட கிரேஃபெல்ட் பூச்சியியல் சங்கம், 27 ஆண்டுகளாக 63 இயற்கைக் காப்பிடங்களில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடைபோட்டு வந்தது. அந்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதென 2017-இல் தெரிந்தது. காரணம் ஒன்றே என்று சொல்வதற்கில்லை. ஆனால் காப்பிடத்தின் எல்லை அவற்றைக் காக்கவில்லை. சுவர் எழுப்பி இப்பக்கத்தை வீடென்றும் அப்பக்கத்தை வெளியென்றும் பிரித்துக்கொண்ட மனித மனம், வேண்டாததை எல்லாம் தள்ளிவிட ஓர் இடம் எப்போதும் மிச்சமிருக்கும் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேலேயே தன் தூய்மையையும் நலத்தையும் கட்டி வந்திருக்க, அப்படி ஓர் இடம் எங்கும் இருந்ததில்லை என்பதைத்தான் அந்த மீனின் ஈரலும் இந்தப் பூச்சிகளின் எடையும் நமக்குச் சொல்கின்றன.

சான்று இதைத் தானாகக் கற்பித்துவிடாது. பதிவேட்டின் கட்டங்களைக் கதவிடுக்கின் பக்கம் போகாமலே நிரப்பலாம். பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்துக்குத் தெளித்த அளவுக்குத்தான் பணம் என்றால், அங்கே வேலை செய்பவர் தெளிக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. டெசாவ் ஆனாலும் சென்னை ஆனாலும், வந்து பார்த்து, இடுக்கை அடைத்து, எதையும் தெளிக்காமல் திரும்பிய மாதத்துக்கும் முழுக்கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவர்கள் நாம்தான்.