பழகிய உடம்பு

“பழகிய உடம்புக்கு நோய் வராது” என்று துப்புரவுத் தொழிலாளர் பலர் நம்புகின்றனர். சாக்கடையில் இறங்குமுன் மது அருந்தினால் கிருமி அணுகாது என்பாரும், வருவது பூர்வ கர்மத்தின்படி வந்தே தீரும் என்பாரும் உளர். இவை மெய்தானா? இவற்றிற்குப் பொறுப்பாளர் யாவர்?

மெய்யல்ல. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலின் சிறு வெடிப்பு வழியே உட்புகுந்து எலிக்காய்ச்சலை விளைவிக்கிறது. 2005-ஆம் ஆண்டு மும்பை வெள்ளத்திற்குப் பின் இந்நோய் பலரைப் பற்றியது. அக்கிருமி பழக்கத்தையும் பாராது. குடித்த மதுவிற்கும் அஞ்சாது. ரப்பர் பூட்சும் கையுறையும் சோப்புமே நம்மைக் காப்பவை.

இனி, கர்மம் என்போர்க்கு ஒன்று கூறுவோம். மோலியசீவகர் என்னும் பரிவிராஜகர் இதனையே வினவியபோது, பகவான் புத்தர் துன்பத்தின் காரணங்கள் எட்டென விளக்கினார். பித்தம், பருவ மாறுதல், பேணாமை முதலியவற்றோடு கர்மமும் ஒன்று. அதுவே எல்லாம் அன்று.

ஆயினும் தொழிலாளரைப் பழித்தல் அறமாகாது. கையுறை கொடாத இடத்தில், ‘எனக்கு ஒன்றும் நேராது’ என்னும் எண்ணமன்றி வேறு கவசம் ஏது? கருவி மறுக்கப்பட்ட இடத்திலேயே மூடநம்பிக்கை வேரூன்றுகிறது. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

ஆதலின் அன்பர்காள்! கருவியைக் கேட்டுப் பெறுவோம், பெற்றதை அணிவோம், காயத்தை மறையாது மருத்துவரிடம் காட்டுவோம். எல்லா உயிர்க்கும் இரங்குக என்ற தருமத்தில் நம் உயிரும் அடங்கும்.