பனிப்புயலும் மனிதப் பொறுப்பும்

நாளை நிகழப்போவதை ஐயந்திரிபற அறிய முடியாத நிலையில், பிறர் உயிருக்குப் பொறுப்பேற்று இன்றே முடிவெடுக்க வேண்டியவரை நாம் எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? விளைவு நன்றாயின் அறிஞரென்றும், தீதாயின் மூடரென்றும் கூறிவிடுவது உலக வழக்கு. இவ்வழக்கு நீதியானதா? நம்மிற் பெரும்பாலோர் வெண்பனியைக் கண்டதில்லை. எனினும், பனிப்புயலை முன்னறிவதிலுள்ள இடர்ப்பாடு இவ்வினாவைத் தெளிவாக்க வல்லது.

1888 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆந் திகதி. அமெரிக்காவின் நெபிராஸ்கா, டக்கோட்டாச் சமவெளிகளில் அன்று காலை, குளிர்காலத்துக்கு ஒவ்வாத இளஞ்சூடு நிலவியது. குடியேறிய ஏழை உழவரின் பிள்ளைகள் பலர் தடித்த மேலங்கியின்றியே பள்ளி சென்றனர். குளிர் அலை வருமென்ற அறிவித்தலைச் செயின்ற் போல் நகரிலிருந்த இராணுவ வானிலைப் பணிமனை அனுப்பியிருந்தது. ஆயின், தந்தி எட்டாத பண்ணைகளை அது சென்றடையவில்லை. சில நிமிடங்களுள் புயல் மூண்டு, கண்ணெதிரே நிற்பவரையும் மறைத்தது. இறந்தோர் தொகை 235 என மதிப்பிடப்படுகிறது. அவர்களுட் பலர் பள்ளிச் சிறார்.

அன்று மின்னி பிறீமன் என்ற இளம் ஆசிரியையின் பள்ளிக் கூரையைக் காற்றுப் பிய்த்தெறிந்தது. அவர் மாணவரை ஒருங்குசேர்த்து அழைத்துச் சென்று, அனைவரையும் ஒரு பண்ணை வீட்டிற் காப்பாற்றினார். நாடு அவரை வீராங்கனையெனப் போற்றியது. லோயிஸ் றோய்ஸ் என்ற மற்றோர் ஆசிரியையின் பள்ளியில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவரும் மூன்று பிள்ளைகளுடன் அண்மையிலிருந்த வீட்டை நோக்கிப் புறப்பட்டார். வழி தவறியது. இரவு முழுவதும் அணைத்துக் கிடந்தும் மூன்று பிள்ளைகளும் விறைத்து இறந்தனர்; அவர் தம் பாதங்களை இழந்தார்.

இவ்விருவருள் ஒருவர் நல்லாசிரியை, மற்றவர் தீயவர் என எவரேனும் கூறத் துணிவரோ? துணிவும் அன்பும் இருவருக்கும் பொது. விளைவை வேறாக்கியவை காற்றின் போக்கும் கண்மறைத்த பனியுமே. பள்ளியடுப்பு அணைந்தது ஆசிரியையின் குற்றமன்று. நிலத்தைக் காட்டி மக்களை அவ்வெளிக்கு அழைத்த புகையிரதக் கம்பனிகளும் அரசும், தந்தியும் விறகும் அவர்களைச் சென்றடைகின்றனவா என்று பார்க்கவில்லை. தனிமனிதரின் தவறென நாம் காண்பதற்குள்ளே சமுதாயத்தின் தவறு ஒளிந்திருப்பதுண்டு.

இன்று செய்மதிகளும் கணினிகளும் உள்ளன; ஐயம் நீங்கவில்லை. 1961 இல் எட்வேட் லொறென்ஸ் என்ற விஞ்ஞானி, கணினியில் 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டபோது, கணிப்பில் வானிலை முற்றிலும் வேறாகியது. தொடக்கத்தின் சிறு பிழை நாளடைவிற் பெரும் பிழையாக வளரும். பனியோ இன்னும் நுட்பமானது. உறைநிலைக்கு ஓரிரு பாகை மேலேறினால் அது மழையாகிவிடும். ஓரங்குல மழைநீர் ஏறத்தாழப் பத்தங்குலப் பனியாகக் குவியுமாதலால், நீரளவிற் சிறு பிழையும் தரையிற் பெரும் பிழையாகும்.

2015 ஜனவரி 26 ஆந் திகதி இரவு, நியூயோர்க் நகருக்கு 2 அடி பனி, அன்றி அதற்கும் மேல், எதிர்பார்க்கப்பட்டது. பனியின் பொருட்டு அந்நகரின் நிலக்கீழ் புகையிரதம் வரலாற்றில் முதன்முறையாக நிறுத்தப்பட்டது. புயல் சற்றுக் கிழக்கே விலகிற்று. மத்திய பூங்காவில் வீழ்ந்தது 9.8 அங்குலமே. பொஸ்ரனிலோ 2 அடிக்கு மேல் வீழ்ந்தது. கணிப்பு முற்றும் பொய்யன்று. புயலின் விளிம்பு மாறிற்று, அவ்வளவே. கணினிக் கணிப்புகள் தம்முள் முரண்பட்டிருந்தன என்பதை வல்லுநர் முன்னரே அறிவர். அவ்வையமோ மக்களிடம் போதிய அளவு சென்றடையவில்லை. வானிலை அதிகாரி ஒருவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். ஐயத்தை இன்னும் தெளிவாக உரைக்க வேண்டுமெனச் சேவையின் தலைவரும் ஒப்புக்கொண்டார்.

“ஐயத்தைச் சொன்னால் மக்கள் செவிசாய்க்கமாட்டார்” என்பர் சிலர். மக்களைக் குழந்தைகளெனக் கருதும் மனப்பான்மை இது. ஐயத்தை மறைத்து ஒருநாட் கீழ்ப்படிவைப் பெறலாம். மறுநாளைய நம்பிக்கையை இழக்க நேரும். தவறுதல் குற்றமன்று, அறிந்த ஐயத்தை மறைப்பதே குற்றம்.

மற்றொன்றும் உண்டு. நகரை மூடினால் மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு, நாட்கூலியாளருக்கோ பட்டினி. மூடாதுவிட்டால் புயலில் வேலைக்கு நடந்து செல்பவரும் அதே கூலியாளரே. பிழை எப்பக்கம் சாய்ந்தாலும் சுமை ஒரே தோளில் விழுகிறது. வானத்தின் நிச்சயமின்மையை நாம் ஒழிக்க முடியாது. எச்சரிக்கையின் செலவை எல்லோரும் பங்கிட்டுச் சுமக்கும் ஒழுங்கை ஆக்குவது மனிதர் கையில் உள்ளது. அதைச் செய்யாது முன்னறிவிப்போரை மட்டும் பழிப்பது, நம் பொறுப்பைப் புயலின் மேற் சுமத்துவதேயாகும்.