பட்டாவும் பாட்டாளியும்

சேர்வராயன் மலையில் மழை ஓய்ந்த ஒரு பிற்பகல். மரங்களின் பயன்பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மரம் வளர்ப்போருக்கு அரசே ஊக்கத்தொகை தருகிறது என்று பெருமிதத்தோடு சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், தோட்டத்துல கன்னுங்களுக்குக் கோடையெல்லாம் குடத்துல தண்ணி சுமந்து ஊத்தினது எங்கம்மா. எங்கம்மாவுக்கு அந்தப் பணம் வரலையே?"

வினா சிறிது, விடையோ என் நாவில் எழவில்லை. அவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்கிறேன், தோழர்களே!

தமிழ்நாடு அரசின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் 2021-22இல் தொடங்கப்பட்டது. அதன்படி விளைநிலத்தில் நடுவதற்குக் கன்றுகள் இலவசம். பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, ஆண்டுதோறும் 7 ரூபாய். ஐந்நூறு கன்றுகள் பிழைத்தால் ஆண்டுக்கு 3,500 ரூபாய். நோக்கம் நன்று. மரம் ஒருவர் நிலத்தில் நின்றாலும், அது காக்கும் மண்ணும் தேக்கும் மழைநீரும் மலையடியில் வாழ்வோர்க்கும் பயன்படுகின்றன. ஊர் பெறும் நன்மைக்கு ஊர்ப்பணம் தருதல் முறையே.

ஆனால், அதை யாருக்குத் தருவது? கன்று உயிரோடு நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு உயிரூட்டிய கை எது என்று பார்க்கிறார்களா? இல்லை. பட்டா யார் பெயரில் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

அந்தப் பட்டாவின் கதை என்ன? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பியைத் தொடர்ந்து துரைமார்களின் தோட்டங்கள் வந்தன. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் பிறர் தோட்டத்தில் கூலிகளாயினர். வெள்ளையராட்சி போயிற்று; மக்களாட்சி வந்தது. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பு கட்டிற்று. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கோ விலக்கு! உடைமைக்கு அன்று விலக்கு, இன்று ஊக்கத்தொகை. உழைப்புக்கு என்ன?

"அதுதான் கூலி கொடுத்தாயிற்றே" என்பார் சிலர். கூலியோடு கணக்கு முடிந்தது என்றால், மிளகுக்கும் மரத்துக்கும் சந்தையில் விலை பெறும் உடைமையாளர் கணக்கும் அங்கேயே முடிந்திருக்க வேண்டுமே! அதற்குமேல் அரசு ஏன் தருகிறது? சந்தை விலை தராத பொதுநன்மை ஒன்று அம்மரத்தில் இருப்பதால்தான். அந்தப் பொதுநன்மையை விளைத்தவர்களில் குடம் சுமந்த தாயும் ஒருத்தி அல்லவா?

"நிலத்துக்கு ஆவணம் உண்டு; உழைப்புக்கு ஆவணம் ஏது?" என்பது அடுத்த வாதம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கோடிக்கணக்கான கைகளை, பட்டா கேளாமலே, நாள்வாரியாகப் பதிவு செய்து கூலி வழங்கிற்று. எண்ணத் தெரியாமலில்லை, எண்ண மனமில்லை, அவ்வளவே.

உடைமையாளருக்கு எதுவும் கூடாது என்பதல்ல என் வாதம். மரத்துக்கு இடம் விடுபவர் சிறிது விளைச்சலை இழக்கிறார். அதற்கு ஈடு வேண்டும். தானே நட்டுத் தானே நீரூற்றும் சிறு விவசாயிக்கு முழுத்தொகையும் உரியது. ஆனால், பிறர் கையால் மரம் வளர்ப்பவருக்குத் தரும் தொகையில் பாதியேனும் அந்தக் கையின் பெயரில் பதிவாக வேண்டும். அது இரக்கத்தின் பெயரால் இடும் பிச்சையன்று. அறத்தின்படி சேரவேண்டிய பங்கு.

ஏழு ரூபாயில் பாதி மூன்றரை ரூபாய். அதற்காகவா இத்தனை வாதம் என்று கேட்கலாம். தொகை சிறிதுதான். ஆனால், மரத்தை வளர்த்தவர் யார் என்ற கேள்விக்கு அரசின் ஏடு எழுதும் விடை சிறிதன்று. அந்த ஏட்டில் தன் தாயின் பெயரைத் தேடுகிறாள் அச்சிறுமி. அவளுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.